எந்த வழியாலை வாறனீர்?

போன மாதம் ஆசுப்பத்திரி விடுதி ஒன்றுக்குப் பொறுப்பான தாதி, விடுதிச் சகோதரி என்போம், தொலைபேசியில் அழைத்தாள். நான் வேலையிலிருந்து இளைப்பாறிய பிறகு வேலைக்கு வந்தவள். முகம் பார்த்ததில்லை. அவர்களுடைய விடுதியில் இப்போது தாதியரின் கடமைப் பட்டியலைக் கணினி போடுகிறதாம். பெயர்களையும் லீவு நாட்களையும் கொடுத்தால் கண்மூடித் திறக்க முன்னம் மாதம் முழுவதற்கும் போட்டுத் தந்துவிடுமாம். நீங்கள் அந்த நாளில் சண்டைக்குள் எப்படிப் போட்டீர்கள், எங்கள் ஆண்டு மலருக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டாள். எப்படிப் போட்டேன் என்றால், பயந்து பயந்து போட்டேன். அதை எழுதினால் மலரில் போடுவார்களோ தெரியாது. கேட்டது அவள், இனி அவள் பாடு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பல்லி விழுந்தாலே சத்தம் போடுகிற ஆள். தாதி வேலைக்கு வந்தது அப்பாவின் பிடிவாதத்தால். மூன்று வருடப் பயிற்சியில் இரத்தத்துக்கு இருந்த பயம் போனது, மற்றப் பயமெல்லாம் அப்படியே இருந்தது. தெற்கில் சில வருடங்கள் வேலை செய்தேன். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கட்டிய சேலையோடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினேன். பிறகு யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு ஆசுப்பத்திரியின் பிரசவ விடுதிக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். ஊருக்கு வந்துவிட்டேன், இனி என்ன பயம் என்று நினைத்தேன். என் சாதகம் எழுதினவர் எங்கேயோ இருந்து சிரித்திருப்பார்.

கடமைப் பட்டியல் வெளியில் இருப்பவர்களுக்கு வெறும் கடதாசி. உள்ளே இருப்பவர்களுக்கு அதுதான் நித்திரை, சாப்பாடு, கோயில், கலியாணவீடு, புருஷனோடு வரும் சண்டை எல்லாம். அகலமான தாளில் அடிமட்டம் வைத்துக் கோடு போட வேண்டும். இடப்பக்கம் பெயர்கள், மேலே தேதிகள். ஏழு மணியிலிருந்து ஒரு மணிவரை காலைக் கடமை, அதிலிருந்து ஏழுவரை பின்னேரம், பிறகு விடியும்வரை இரவு. இரவு நின்றவளுக்கு அடுத்த நாள் ஓய்வு கொடுக்க வேண்டும். புதுத் தாதிப் பிள்ளைகள் இருவரைச் சேர்த்துப் போடக்கூடாது. தனியாகப் பிரசவம் பார்க்கத் தெரிந்த ஒருத்தி எந்நேரமும் நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி இருந்தது. அடுத்த கடமைக்கு வருகிறவளைக் கூட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய், எந்தத் தாய்க்கு என்ன நிலை என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அதைப் பாரம் கொடுப்பது என்போம். பாரம் கொடுக்காமல் ஒருத்தியும் விடுதியை விட்டு இறங்கக்கூடாது. வருகிறவள் பிந்தினால் நிற்கிறவள் நிற்க வேண்டியதுதான்.

முதல் ஒன்றிரண்டு வருடம் என் கவலையெல்லாம் தேருக்கும் தீர்த்தத்துக்கும்தான். கந்தசஷ்டி வந்தால் பாதிப் பேர் விரதம். தேரன்றைக்கு எல்லோருக்கும் லீவு வேண்டும், பிள்ளைப்பேறு மட்டும் லீவு எடுக்காது. அந்தச் சண்டைகளைத் தீர்க்கும்போது தலையிடி என்று சொல்லித் திரிந்தேன். அதெல்லாம் தலையிடியே இல்லை என்று பிறகுதான் விளங்கியது.

பட்டியலை முதலில் பென்சிலால் எழுதி, தாதியர் எல்லோருக்கும் தலைவியான மேற்றனிடம் காட்ட வேண்டும். எங்கள் மேற்றன் நல்ல உயரம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் கதிரையில் உட்கார்ந்து இருந்து ஒருவரும் கண்டதுமில்லை. விடுதி சுற்றினாலும் கோப்புப் பார்த்தாலும் தேத்தண்ணி குடித்தாலும் நின்றபடிதான். தான் இருந்தால் நேர்ஸ்மார் படுத்துவிடுவார்கள் என்று ஒரு கதை வைத்திருந்தார். என் தாளை மேசையில் விரித்து, குனிந்து, ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் பெருவிரல் நகத்தை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டு போவார். ஒழுங்காகப் போகிற வரிசையில் எங்கேயாவது ஒரு கோணல் இருந்தால் நகம் அங்கே நிற்கும்.

“உது ஆர் கேட்டது?”

எப்போதும் அதே கேள்விதான். கேட்டதற்காகக் கோபிக்கமாட்டார். ஒருத்திக்கு வசதி செய்தால் அது இன்னொருத்தியின் தலையில் விழும், யாருக்காக யாரின் தலையில் வைத்தீர் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் பதில் சொன்ன பிறகு சிவப்புப் பென்சிலால் கையெழுத்துப் போடுவார். பிறகு நான் மையால் எழுதிச் சுவரில் ஒட்டுவேன். ஒட்டினால் ஒட்டினதுதான். கடவுள் வந்து கேட்டாலும் அடுத்த மாதம்தான் என்பார்.

பிறகு சண்டை கிட்ட வந்தது. கடற்கரைப் பக்கத்து முகாமிலிருந்து பீரங்கிச் செல் வந்து விழத் தொடங்கியது. எப்போது அடிப்பார்கள் என்று ஒரு கணக்கும் இல்லை. ஒருநாள் மேற்றன் விடுதிக்கு வந்து, எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

“எந்த வழியாலை வாறனீர்?”

பெயருக்குப் பக்கத்தில் இனி வழியையும் எழுதும் என்று எனக்குச் சொன்னார். அதுவரை எந்தப் பிள்ளை எந்த ஊர் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். சுன்னாகத்துப் பிள்ளைகளுக்குப் பரவாயில்லை. வழி முழுக்கக் கடையும் வீடும் மதிலும், சத்தம் கேட்டால் எங்கேயாவது ஒதுங்கலாம். கீரிமலையிலிருந்து வந்த ஒருத்திக்குக் கடற்கரை றோட்டு, அவளை விடுதியோடு ஒட்டிய அறையிலேயே தங்க வைத்தோம். பண்டத்தரிப்புப் பக்கத்துக்குப் போகிற பிள்ளைகளுக்குத்தான் நடுவில் ஒரு பெரிய தோட்டவெளி. வெங்காயமும் புகையிலையும் நட்ட தரை, ஒதுங்க ஒரு பனைகூடக் கிடையாது. இருட்டில் ஒருத்தியும் வீட்டுக்குப் போகக்கூடாது என்று பின்னேரத்தையும் இரவையும் ஒன்றாகச் சேர்த்தோம். ஒரு மணிக்கு வருகிறவள் மறுநாள் ஏழு மணிக்குப் போவாள்.

இப்படிப் போட்ட பிறகு எனக்குப் பென்சில் பிடிக்கவே பயம் வந்தது. ஒரு பெயருக்கு நேரே பின்னேரத்துக்கு ‘பி’ என்று எழுதினால் அந்தப் பிள்ளை மதிய வெய்யிலில் சைக்கிளோடு வெளிக்குள் இறங்குகிறாள். அழித்து வேறு பெயருக்கு எழுதினால் வேறு ஒருத்தி இறங்குகிறாள். எழுதுவேன், அழிப்பேன், திரும்ப எழுதுவேன். சிஸ்டரின் பட்டியலில் எழுத்தைவிட ஓட்டைதான் கூட என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். ஹெலிச் சத்தம் கேட்டால் நான் பென்சிலோடு மேசைக்குக் கீழே போய்விடுவேன், அதையும் நடித்துக் காட்டுவார்கள். நடிப்பதில் கெட்டிக்காரி வதனா.

வதனாவும் அவளுடைய அக்கா சிவயோகமும் பண்டத்தரிப்புப் பக்கம். இரண்டு பேருமே என் விடுதியில்தான் வேலை. அக்கா அளந்து கதைப்பவள். என்னிடம் இருந்தவர்களில் பிரசவம் பார்க்க அவளைப்போல ஒருத்தியும் இல்லை. தங்கை வாய்காரி, ஆனால் வேலையில் பிழை பிடிக்க முடியாது. தகப்பன் இல்லை. தாய் பறுவதம் தோட்டம் செய்து இருவரையும் படிப்பித்தவர்.

ஒருநாள் பறுவதம் ஒரு பை நிறைய வெங்காயத்தோடு என்னைத் தேடி வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“என்ரை ரெண்டையும் ஒரு நேரத்திலை வேலைக்குப் போடாதையுங்கோ, சிஸ்டர். ஆசுப்பத்திரிக்கு மேலை ஒண்டு விழுந்தால் எனக்கு ஒண்டாவது மிஞ்ச வேணும்.”

இதைக் கேட்டு நான் திடுக்கிடவில்லை. அந்த நாளில் எத்தனையோ வீடுகளில் அதுதான் வழக்கம். செல்லுக்குப் பதுங்க வெட்டிய பங்கர் ஒன்றுக்குள் குடும்பம் முழுவதும் இறங்காது. தாயும் மூத்தவர்களும் ஒன்றில், தகப்பனும் சின்னவர்களும் மற்றதில் என்று பிரிந்து இருப்பார்கள். பெற்ற பிள்ளைகளை இப்படிப் பங்கு பிரிக்கிறோமே என்று ஒருவரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. அக்காவுக்குக் காலை, தங்கைக்குப் பின்னேரமும் இரவும், அடுத்த கிழமை மாறி, என்று போட்டுக்கொண்டு போனேன்.

மேற்றனின் நகம் அந்த வரிசையில் நின்றது. உது ஆர் கேட்டது என்றார். தாய் என்றேன். வீட்டில் வேறு யார் என்று கேட்டார். தாய் மட்டும்தான் என்றேன். 

“உப்பிடிப் போட்டால் கடமை மாறுற நேரமெல்லாம் அந்த வீட்டிலை ஆரோ ஒராள் றோட்டிலை நிக்கும்” என்றார். பிறகு, தாய் கேட்டால் தாய் கேட்டதுதானே என்று கையெழுத்துப் போட்டார்.

மாதக்கணக்கில் அப்படியே ஓடியது. ஒவ்வொரு நாளும் ஒரு மணி கிட்ட வரும்போது எனக்கு ஒரு பயம் தொடங்கிவிடும். வாசலைப் பார்ப்பேன், மணிக்கூட்டைப் பார்ப்பேன், திரும்ப வாசலைப் பார்ப்பேன். சைக்கிள் மணி கேட்டதும் பெரிய வேலை இருந்தவள்போல உள்ளே போய்விடுவேன். பாரம் கொடுத்துவிட்டு அக்கா வெளிக்கிட்டால் அவள் வீடு சேர்ந்திருப்பாள் என்று நினைக்கிற நேரம்வரை மற்றப் பயம். என் சொந்தப் பிள்ளைகளுக்குக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை. சொந்தப் பிள்ளைகளை நான் கோடு போட்டு றோட்டுக்கு அனுப்பவில்லையே.

அது ஒரு சித்திரை மாதம். காலைக் கடமையில் சிவயோகம் நின்றாள். சுன்னாகத்துப் பெண் ஒருத்திக்கு முதற்பிள்ளை, வலி கூடிக்கொண்டு வந்தது. மதியம் திரும்பிக் கொஞ்ச நேரத்தில் முதல் செல் விழுந்தது. தூரத்தில்தான். இரண்டாவது தோட்டவெளிப் பக்கம். நடக்கக்கூடிய தாய்மாரைப் பிள்ளைகளோடு சாமான் அறைக்குள் கொண்டுபோனோம். மற்றவர்களைக் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுக்க வைத்தோம். என் பயத்தைத் தாய்மார் காணக்கூடாது என்று மடித்துக் கிடந்த துவாய்களை விரித்துத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணியாகியும் வதனா வரவில்லை.

சிவயோகம் வாசல் பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு பிரசவ அறைக்குள் போனாள்.  எனக்கு அவளுடைய முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. இன்னும் இரண்டு மூன்று செல் விழுந்து ஓய்ந்தது. அந்த ஓய்வு சத்தத்தைவிடப் பொல்லாதது. விழுந்த இடத்தில் என்ன நடந்ததென்று அப்போதுதான் மனம் யோசிக்கத் தொடங்கும்.

மேற்றன் வந்தார். நிலைமையை நான் சொல்ல முன்னமே விளங்கிக்கொண்டார். பிரசவ அறை வாசலில் நின்று சிவயோகத்திடம் சொன்னார்.

“பாரத்தை என்னட்டைத் தந்திட்டு நீர் ஒராளைக் கூட்டிக்கொண்டு தங்கச்சியைத் தேடிப் போம்.”

சிவயோகம் அந்தப் பெண்ணின் வயிற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. “நான் போய், அவள் வேறை வழியாலை இஞ்சை வந்தால், என்னைத் தேடிக்கொண்டு திரும்பிப் போவாள், மேற்றன். அவள் வரட்டும், நான் போறன்” என்றாள். அந்த நேரத்தில் அவ்வளவு தெளிவாக அவளால் எப்படி யோசிக்க முடிந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தப் பெண்ணிடம் திரும்பி, மூச்சை இழுத்து விடு மோனை, இன்னும் கொஞ்சம்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆண்பிள்ளை பிறந்தது. பிள்ளை அழுததும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. சந்தோசத்தில் என்று எல்லோரும் நினைத்தார்கள், நான் பயத்தில் அழுதேன்.

பிள்ளையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வதனா வந்து சேர்ந்தாள். சைக்கிளின் முன்சில்லு நெளிந்திருந்தது. முழங்கையில் உரசல், வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண். வேறொன்றும் இல்லை. நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். அவள் சிரித்தாள். “மேசைக்குக் கீழை இடம் இருந்ததோ, சிஸ்டர்?” என்று கேட்டாள்.

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் தொடவில்லை. பாரம் கொடுக்கத் தொடங்கினார்கள். முதலாம் கட்டில், இரண்டாம் கட்டில் என்று ஒழுங்கு மாறாமல், பாயில் படுத்திருந்த தாய்மாருக்குப் பக்கத்தில் குந்திக் குந்திச் சொல்லிக்கொண்டு போனாள் சிவயோகம்.  கடைசியாக, இப்போது பிறந்த பிள்ளையின் நிறையையும் சொல்லி முடித்த பிறகுதான் கேட்டாள்.

“அம்மா எங்கை நிண்டவ?”

வதனாவின் சிரிப்பு நின்றது. “நான் மதவடியாலை வரேல்லை, அக்கா. சத்தம் கேட்டோடனை ஒழுங்கையாலை சுத்தி வந்தனான்.”

 மதவடியில் என்ன என்று நான் கேட்டேன். சிவயோகம் சொன்னாள். தோட்டவெளியின் நடுவில் றோட்டுக்குக் குறுக்கே ஒரு மதகு இருக்கிறது. கடமை மாறுகிற நேரமெல்லாம் ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு அம்மா அங்கே வந்து நிற்பாராம். ஒருத்தி போவதைக் கண்டு, மற்றவள் வருவதையும் கண்ட பிறகுதான் வீட்டுக்குத் திரும்புவாராம். காலையும் அப்படித்தான், மதியமும் அப்படித்தான். இருவரையும் காணாமல் போகமாட்டாராம். அங்கே ஆடு தின்ன ஒரு இலைகூட இல்லை என்று வதனா பகிடி பண்ணுவாளாம்.

மேற்றன் அன்றைக்குச் சொன்ன வார்த்தை எனக்கு ஞாபகம் வந்தது. கடமை மாறும்போதெல்லாம் அந்த வீட்டில் யாரோ ஒராள் றோட்டில். அது மூத்தவள் அல்லது இளையவள் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம்.

வதனா போக முடியாது. பாரம் எடுத்தாயிற்று, இனி விடுதி அவள் பொறுப்பு. அவள் வாசல்வரை வந்துவிட்டு அங்கேயே நின்றாள். மேற்றன் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டார். செல் விழுகிற நாளில் தனிய ஒருத்தியையும் அனுப்புவதில்லை என்பதும் எங்கள் ஒழுங்கு. யார் கூடப் போவது என்று மேற்றன் சுற்றிப் பார்க்க முன்னம் நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேனோ தெரியாது. 

சிவயோகம் சைக்கிளை மிதித்தாள். நான் பின்னால் கரியரில் இருந்து அவளுடைய இடுப்பைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். வெளிக்குள் இறங்கியதும் வெய்யிலும் காற்றும் முகத்தில் அடித்தன. வானத்தில் ஏதாவது கேட்கிறதா என்று காதைக் கூராக்கிக்கொண்டு, தெரிந்த தேவாரம் எல்லாம் அரைகுறையாகச் சொல்லிக்கொண்டு போனேன். எத்தனை பிள்ளைகளை எத்தனை நாள் இந்த வழியால் வரச்சொல்லி எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்தரம் அதைக் கடந்தேன்.

சைக்கிள் நின்றது. கண்ணைத் திறந்தேன். பறுவதம் மதகின் கட்டுச்சுவரில் சாய்ந்து இருந்தார். கழுத்துக்குப் பின்னால் சின்னக் காயம். பக்கத்தில் எங்கிருந்தோ ஒடித்து வந்த கிளுவங்குழை, ஒழுங்காகக் கட்டினபடி. சிவயோகம் குந்தி, தாயின் கையை எடுத்து நாடியில் விரல் வைத்து, தன் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒரு நிமிடம் முழுவதும் பார்த்தாள். பிறகு கையை மடியில் வைத்துவிட்டாள்.

தோட்டத்தில் நின்ற ஒரு வயதான கமக்காரர் ஓடி வந்தார். மதகுக்குக் கீழே தண்ணீர் இல்லை, ஒராள் தாராளமாகப் பதுங்கலாம். அவர் அங்கேதான் பதுங்கியிருந்தார்.

“இறங்கணை, இறங்கணை எண்டு கத்தினனான், பிள்ளை. சின்னவள் இன்னும் போகேல்லை, கீழை இருந்தால் றோட்டுத் தெரியாது எண்டவ.”

சிவயோகம் அவருக்கு ஓம் என்று மட்டும் சொன்னாள்.

செத்தவீடு முடிந்து, முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டியும் முடிந்த பிறகு இருவரும் வேலைக்குத் திரும்பினார்கள். வதனா பிறகு என்னைப்போல நடித்துக் காட்டவில்லை. நான் அடுத்த மாதத்துத் தாளுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். சிவயோகம் மேசைக்குக் கிட்ட வந்து தன் விருப்பத்தைச் சொன்னாள். அவள் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. அவள் கேட்டபடியே எழுதினேன், அழிக்கவில்லை.

மேற்றன் வழக்கம்போலக் குனிந்து நகத்தை இழுத்துக்கொண்டு வந்தார். சகோதரிகளின் இரண்டு வரிசையும் அந்த மாதம் ஒன்றுபோல இருந்தன. காலை என்றால் இருவருக்கும் காலை, ஓய்வு என்றால் இருவருக்கும் ஓய்வு. நகம் நின்றது.

“உது ஆர் கேட்டது?”

நான் வாய் திறக்க முன்னம், கோப்போடு வாசலில் நின்ற சிவயோகம் சொன்னாள்.

“நாங்கள்தான் கேட்டது, மேற்றன். இனி எங்களை ஒண்டாப் போடலாம். மதவடியிலை பாத்துக்கொண்டு நிக்க ஒருத்தரும் இல்லை.”

மேற்றன் என் கதிரையைத் தன் பக்கம் இழுத்து, அதில் இருந்தார். பிறகு சிவப்புப் பென்சிலைத் தேடினார்.